முதுகு காட்டி நின்றவன்

பாமினி முட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் அப்படித்தான் உருட்டிப் பார்த்திருப்பாள். எப்படித் தேறினேன் என்பது எனக்கே இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் குணம் வீட்டில் எனக்குத் தலைவலி, தொழிலில் அவளுக்குச் சோறு. ஆக்லாந்தில் சாயங்காலமானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். பாமினி முதலில் முகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பாள். மணப்பெண்ணின் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறதா, மாப்பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் எவனாவது மீனும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருக்கிறானா என்று ஓரம் ஓரமாகத் துழாவிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். நான் பகலில் பஸ் ஓட்டுகிறேன். சாயங்காலம் அவளுடைய ஃப்ளாஷ் விளக்கைக் கழியில் மாட்டித் தூக்கிப் பிடிப்பேன். காற்றடித்தால் குடை பொருத்திய அந்தக் கழி சாய்ந்துவிடாமல் காலால் முட்டுக்கொடுப்பதும் நான்தான். சம்பளம் கேட்டால் சாப்பாட்டைக் காட்டுவாள்.

லவீனியா போன மே மாதம் மாங்கரேயில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோங்காத் தீவுக்காரப் பெண், நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். பட்டமளிப்பு அங்கியில் ஒன்று, நல்ல உடுப்பில் ஒன்று, நகரத்து வெளிச்சத்தில் எடுத்துத் தரவேண்டும் என்றாள். சோபாவைக் காட்டினோம். அதில் உட்காராமல், வாசலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியைத் தேடிப்போய் உட்கார்ந்தாள். அப்போதே பாமினி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

விஷயத்தை அவளாகவே சொன்னாள். ஹாமில்டனில் ஒருவனோடு இருந்திருக்கிறாள். அவன் கைநீட்டுகிறவன். விட்டுவிட்டு வந்தபிறகும் இரண்டு தடவை தேடிக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு தடவையும் யாரோ தோழி போட்ட படம்தான் காட்டிக்கொடுத்தது. பின்னால் தெரிந்த கடையை வைத்துத் தெருவைப் பிடித்திருக்கிறான். அதனால் எங்கள் இணையப் பக்கத்தில் படத்தைப் போடக்கூடாது, எந்த நாள், எந்த இடம் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். வேறு யாருக்குத் தெரியும் என்று பாமினி கேட்டாள். தன் வீட்டாருக்கு மட்டும்தான் என்றாள்.

"ஒரே ஒரு படம் நல்லா வந்தா போதும் ஆன்ட்டி. அம்மா சுவத்துல மாட்டணும்னு கேக்கறாங்க. இப்ப இருக்கற எந்தப் படத்தப் பாத்தாலும் நான் பயந்துபோயிருக்கறது தெரியுது. இதுல மட்டும் அப்படித் தெரியக்கூடாது" என்றாள்.

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள் பாமினி. அவன் எப்படி இருப்பான் என்று கேட்கவில்லையே என்றேன். அதைக் கேட்டு அந்தப் பெண்ணை இன்னொரு தடவை அழவைக்கணுமா என்று என்மேல் பாய்ந்தாள். ஆகவே நாங்கள் கேட்கவில்லை. நாங்களாக ஒருவனை மனதில் வரைந்துகொண்டோம். பெரிய உடம்பு, இறக்கிவிட்ட தொப்பி, பேசாத வாய். அந்த உருவத்தை எங்களுக்கு யாரும் தரவில்லை.

சொன்ன நாளில், பழைய சிமெண்ட் கிடங்குக் கோபுரங்கள் நிற்கிற துறைமுகப் பக்கத்தில் வெயில் இறங்குவதற்கு முன்பே போய் நின்றோம். லவீனியா கறுப்பு அங்கி போட்டு, இடுப்பில், விசேஷ நாளில் தோங்காக்காரர்கள் கட்டுகிற, அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய பின்னல் பாயைக் கட்டியிருந்தாள். வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கன்னத்தில் விழுந்தது. நல்ல பெண், சொன்னபடி நின்றாள். ஆனால் சிரிக்கச் சொன்னால் உதடு மட்டும் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமலேயே, திடீரென்று அவளுடைய தோள் இறங்கி முகம் மலர்ந்தது. பாமினி விடாமல் எடுத்தாள். அதற்கு முன் நான் காட்டிய வாய்ஜாலம்தான் தாமதமாக வேலை செய்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாமினி கேமராத் திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டு, ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். தூரத்தில் கம்பித் தடுப்பின் அருகே ஒருவன். பெரிய உடம்பு, தொப்பி, முதுகில் குறுக்கே ஓடும் கறுப்புப் பையின் பட்டை. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

கடல் பார்க்கிறான் போல என்றேன்.

"கடல் அந்தப் பக்கம் இல்லீங்க. அந்தப் பக்கம் கார் நிறுத்தற இடம். காரை என்னத்தப் பாக்கறான்?" என்றாள்.

ஊரில் முதுகு இருக்கிறவனெல்லாம் திருடனா என்று முணுமுணுத்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வெயில் போனதும் வானம் கொஞ்ச நேரம் கருநீலமாக நிற்கும். நகரத்தின் விளக்குகளும் வானமும் சரிக்குச் சரியாக இருக்கிற நேரம் அது. அதற்காகத்தான் ஆட்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். அதைப் பிடிக்க, படகுகள் போவதற்காகத் தூக்குகிற பாலத்துக்கு வேகவேகமாகப் போனோம். இருட்டு வந்தால் பாமினி ஷட்டரை நிதானமாகத் திறந்து மூடுவாள். என் விளக்கு ஒரு தடவை பளிச்சென்று அடித்து முகத்தைப் பிடித்துவிடும். மீதி நேரத்தில் ஊரின் வெளிச்சம் மெல்ல வந்து படத்தில் சேரும். அதற்குள் பின்னால் நடந்து போகிறவர்கள் கரைந்து காணாமல் போவார்கள். வேலை விட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் முழுக்கப் பாலத்தில் நடந்தாலும் படத்தில் பாலம் காலியாக இருக்கும். அசையாமல் நிற்கிறவன் மட்டும்தான் பதிவான்.

அவன் பதிந்திருந்தான். அதே தொப்பி, அதே பட்டை, அதே முதுகு. கூட்டம் முழுக்கக் கரைந்துபோன படத்தில் அவன் ஒருத்தன் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றான்.

பாமினி குரலைத் தாழ்த்தி, லவீனியாவிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று என் காதில் சொன்னாள். அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். படிக்கும்போது ஊசிபோட முதன்முதலாகக் கிடைத்த ஆள் மயங்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பாமினி ஒரு சோதனை வைத்தாள். அடுத்துப் போவதாக இருந்த இடத்தை விட்டுவிட்டு, எதிர்த்திசையில், உணவகங்களின் பின்புறச் சந்துக்குள் கூட்டிப்போனாள். அங்கே படம் எடுக்க ஒன்றும் இல்லை, குப்பைத் தொட்டிகள்தான். விளக்கைச் சரிபார்ப்பது மாதிரி நடித்துக்கொண்டு சந்தின் வாயைப் பார்த்தேன். சற்று நேரத்தில் அவன் வந்தான். எங்களைக் கண்டதும் நின்று, அப்படியே திரும்பி முதுகைக் காட்டினான். பாமினி கேமராவைத் தூக்குவதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டான்.

"மூஞ்சி பதியக்கூடாதுன்னு எவ்வளவு கவனமா இருக்கான் பாருங்க. படத்துக்குப் பயப்படறவன் நல்லவனா இருப்பானா?" என்றாள் பாமினி.

எனக்குச் சந்தேகமே இல்லை. அவன்தான்.

அடுத்த படங்கள் வேறு உடுப்பில். லவீனியா மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. படகுத்துறைக் கழிப்பறைக்கு அவளை அழைத்துக்கொண்டு பாமினி போனாள். போகும்போது என் சட்டையைப் பிடித்திழுத்து, அவள் வெளியே வருவதற்குள் அந்த ஆள் அங்கே இருக்கக்கூடாது என்றாள். நான் சுத்தக் கோழை. பஸ்ஸில் குடித்துவிட்டு ஏறுகிறவனைக்கூட அண்ணா, தம்பி என்று கெஞ்சித்தான் இறக்குவேன். ஆனால் துறையில் காவலுக்கு இருக்கும் அஷ்னீல் எங்கள் லம்பாசா ஊர்க்காரன். அவனிடம் போனேன். ஒரு பெண்ணை அடித்த ஆள் பின்னாலேயே வருகிறான் என்று சொன்னேன். வருகிறான் போலிருக்கிறது என்று சொல்லவில்லை, வருகிறான் என்றேன்.

அஷ்னீலும் இன்னொரு காவலாளியும் இரண்டு பக்கமாகப் போய் அவனை நெருங்கினார்கள். நான் விளக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று பார்த்தேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. ஏதோ கேட்டார்கள், தலையை ஆட்டினான். பையைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தான். பிறகு அவர்களுக்கு நடுவில் நடந்து காவலர் அறைப் பக்கம் போனான். போகும்போது கழிப்பறை இருந்த திசையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

அஷ்னீல் திரும்பி வந்து சொன்னான்.

"யாருக்காக நிக்கறேன்னு கேட்டா வாயே தொறக்கமாட்டேங்கறான் அண்ணே. பேரு கேட்டேன், அவன் பேர மட்டும் சொல்றான். பையில மிட்டாய் மாலை, ஒரு ஜாக்கெட். வேற ஒண்ணும் இல்ல. போலீசுக்குச் சொல்லியிருக்கேன், வர்ற வரைக்கும் உக்கார வெச்சிருக்கோம்."

பட்டம் வாங்குகிறவர்களுக்கு மிட்டாயைக் காகிதத்தில் கோத்து மாலை போடுவது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். கேட்டதும் எனக்கு லேசாக உறுத்தியது. பாமினியிடம் சொன்னேன். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அடிச்சவன்தாங்க மாலையும் வாங்கிட்டு வருவான். இல்லன்னா எப்படிக் கிட்ட வர்றது?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், எதைப் போட்டாலும் தின்றுவிடுகிறது.

லவீனியா கருஞ்சிவப்பு உடுப்பில் வந்தாள். தோள்கள் திறந்திருந்தன. அவளை அப்படி ஒரு ராணி மாதிரி நாங்கள் எதிர்பார்க்கவில்லை. படகுத்துறையின் பழைய கட்டடத்துக்கு எதிரே, ஈரத் தரையில் விளக்குகள் விழுந்து மின்னுகிற இடத்தில் நிறுத்தினோம். ஸ்கை டவர் பின்னால் ஊதா நிறத்தில் நின்றது. பாமினி பல நாளாகப் பார்த்து வைத்திருந்த இடம் அது. சுவரில் மாட்டப் போகிற படம் இங்கேதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று ஆபத்தையும் ஒழித்துக்கட்டிவிட்ட நிம்மதியில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பாமினி பாடுவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற சங்கதி.

ஆனால் படம் வரவில்லை.

வெளிச்சம் சரியாக இருந்தது, இடம் சரியாக இருந்தது. லவீனியாதான் இல்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஷட்டர் மூடும்வரை அசையாமல் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் முகம் இரண்டாகக் கலங்கிப்போயிருந்தது. குளிர்கிறது போல என்று என் கோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் போர்த்திக்கொண்டும் நடுங்கினாள். ஒரு சைக்கிள்காரன் மணியடித்ததற்கு அப்படியே குனிந்து தலையைக் கையால் மறைத்தாள். அந்தக் கையைப் பார்த்தபோதுதான், இவள் எத்தனை தடவை இப்படி மறைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

பாமினி ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். இனிப் பயமில்லை, அவனை நாங்கள் போகவைத்துவிட்டோம் என்றாள். அந்த நேரத்தில் அதுதான் ஆறுதல் என்று அவளுக்குத் தோன்றியது.

லவீனியா தலையைத் தூக்கினாள். யாரை என்று கேட்டாள்.

பாமினி கேமராவை எடுத்து, பாலத்தில் எடுத்த படத்தைக் காட்டினாள். ஊரெல்லாம் கரைந்து அவன் மட்டும் நிற்கிற படம்.

லவீனியா அதைப் பார்த்தாள். பயம் வரவில்லை. முகத்தில் இரத்தம்தான் வற்றியது.

"இது செமிசி. என் அண்ணன்."

அவளே சொன்னாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் சாயங்கால வேலை, வரமுடியாது. அண்ணனைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறாள். படம் எடுத்து முடியும்வரை அவன் கிட்டே வரமாட்டான். தங்கை தோள் தெரியும் உடுப்பில் நின்று படம் பிடித்துக்கொள்வதை அண்ணன் நின்று பார்க்கமாட்டான், அது மரியாதை இல்லை. தங்கையும் திரும்பி அவனைப் பார்த்துக் கையாட்டமாட்டாள்.

"நீ ஏம்மா சொல்லல?" என்றாள் பாமினி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சொல்லணும்னு தோணல ஆன்ட்டி. எங்க வீட்டுல அவன் இருக்கான்னு யாரும் சொல்றதில்ல. இருப்பான். அவன் வந்துட்டான்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்குச் சிரிப்பே வந்துச்சு."

இதில் வெட்கம் என்னவென்றால், எங்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. எங்கள் பக்கத்து வீடு தோங்காக்காரர்கள் வீடு. தங்கை டிவி பார்க்க வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டு அண்ணன்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போவதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறோம். பாமினி அதைச் சொல்லி என் தங்கையின் முன்னால் என்னைக் குத்திக்காட்டியும் இருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் மரியாதை என்று புரிந்தது. துறைமுகத்தில், தொப்பி போட்ட ஒரு பெரிய உடம்பு செய்தபோது திருட்டுத்தனமாகத் தெரிந்தது.

பாமினியை லவீனியாவோடு விட்டுவிட்டு நான் காவலர் அறைக்கு ஓடினேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நான் ஓடியதே பெரிய விஷயம். அஷ்னீலிடம் ஆள் மாறிப்போச்சு, தப்பு எங்களுடையது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். போலீசுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அடிச்ச ஆள்தான்னு அவ்வளவு உறுதியாகச் சொன்னீங்களே அண்ணே என்றான். ஆமாம் என்றேன்.

செமிசி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பையனின் முகம். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே கைகளைக் கோத்து வைத்திருந்தான். போகிற வருகிறவர்கள் எல்லோரும் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் கேட்டேன். தங்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி என்றும் கேட்டுவிட்டேன், அந்த நேரத்திலும் பழியில் கொஞ்சத்தை அவன் பக்கம் தள்ளிவிடலாமா என்று பார்த்தது என் புத்தி.

"அவ பேர வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது அங்கிள். நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, திரும்பிக் கிடைத்த பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டான். அதற்குள்ளேயே கண்ணால் படகுத்துறைப் பக்கத்தைத் துழாவினான். கட்டடம் மறைத்தது.

"இப்ப அவகூட யாரு இருக்கா?"

என் மனைவி இருக்கிறாள், பயப்படாதே, கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்றேன்.

"ஆன்ட்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கறாங்க?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. லவீனியாவைப் பார்த்துத்தான் நிற்பாள், வேறெங்கே பார்ப்பாள் என்றேன்.

அவன் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தான். நானும் கூடவே ஓடினேன்.

"நீங்க ரெண்டு பேரும் சாயங்காலத்துலேருந்து அவளையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அது உங்க வேலை. எல்லாரும் அவளையே பாத்துக்கிட்டு நின்னா, வர்றவன யாரு அங்கிள் பாக்கறது?"

ஓடிக்கொண்டே போனை எடுத்து பாமினியைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டி நில், நாங்கள் வரும்வரை திரும்பாதே என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.